கம்பிக்கு இப்பாலும் அப்பாலும்

வேளை தவறாமல் உணவு வருகிறது. நோய் என்றால் வைத்தியர் வருகிறார். குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய்கள் அறையைச் சூடாக வைத்திருக்கின்றன. பகைவர் பயம் இல்லை. பட்டினி பயம் இல்லை. இத்தனையும் இருந்தும் ஓர் உயிர், ‘எனக்கு இங்கே இருக்க மனமில்லை’ என்று தெரிவிக்குமானால், அதனை நன்றி மறந்த பேச்சென்று ஒதுக்கிவிடுவது முறையாகுமா?

இக்கேள்வியை நான் ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை. 2019 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமையன்று, பாரிஸ் மாநகரின் பூங்கா ஒன்றில் தன்னந்தனியாகச் சுற்றித் திரிந்தபோது அது என்னைப் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே என் லாத்தாவின் வீட்டில் அது என்னை எதிர்கொண்டுவிட்டது. பூங்காவுக்குப் போனதே அதனிடமிருந்து ஒரு பகல்பொழுது தப்பித்திருக்கலாம் என்றுதான்.

லாத்தாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றியவர். காரைக்காலில் எங்கள் தெருவார் ‘சொல்தா வீடு’ என்றே அந்த வீட்டைக் குறிப்பிடுவார்கள். 1954 இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலை விட்டுப் போன பின்னரும், அவர்களது குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்களூரில் எத்தனையோ உண்டு. மச்சான் மறைந்த பின் லாத்தா அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். இருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டாம் முறை விழுந்தபோது, பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை எவருக்கும் தெரியவில்லை. மகன் ஓடோடி வந்தான். தாயைத் தன்னோடு பாரிஸின் புறநகருக்கு அழைத்துச் சென்றான். ஏழாவது மாடி. மின்தூக்கி உண்டு. மருமகள் பொன்னான பிள்ளை. சர்க்கரைக்கு ஊசி, கால்வலிக்குத் தைலம், வாரம் ஒருமுறை தாதிப் பெண் என ஒன்றுக்கும் குறைவில்லை. ஐந்து ஆண்டுகளாக லாத்தா அந்தச் சன்னலோரத்தில் அமர்ந்திருக்கிறார்.

“ஊருக்குப் போகணும்” என்கிறார். அவ்வளவுதான். அழுவதில்லை, சண்டையிடுவதில்லை. மகன் என்னை வரவழைத்த காரணமும் அதுவே. “உம்மாவுக்கு நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும், மாமா. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்” என்றான். சொல்கிறேன் என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

வியாழனன்று காலை, மருமகள் ஒரு தாளில் ரயில் மாறும் இடங்களை எழுதிக் கொடுத்தாள். லாத்தா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டித் தந்தார். பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்குச் சிறிது மிச்சமிருந்தது; அந்தத் துணிவில் புறப்பட்டேன்.

*

ழார்தான் தெ பிளாந்த் என்னும் அப்பூங்கா, மன்னர் பதின்மூன்றாம் லூயியின் காலத்தில், 1635 ஆம் ஆண்டு ஆணையால், மருத்துவ மூலிகைத் தோட்டமாக அமைந்தது. 1640 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உயிர்நூல் பேரறிஞர் புஃபோன் 1739 முதல் 1788 வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அதனை நிர்வகித்தார். இருபுறமும் ஒரே அளவாய்க் கத்தரித்த மரவரிசை, நடுவே பூப்பாத்திகள், குளிரில் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கும் முதியவர்கள். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மன்னருக்கென்று வைத்த தோட்டத்தில் காரைக்கால்காரன் ஒருவன் காசில்லாமல் உலாவுகிறான் என்பதில் எனக்கொரு சிறிய மகிழ்ச்சி.

மேற்குப் புறத்தில் ஒரு சிறு குன்று. அதன் சரிவில் லெபனான் நாட்டுத் தேவதாரு ஒன்று நிற்கிறது. 1734 இல் தாவரவியலார் பெர்னார் தெ ழுஸ்யூ என்பவர் இங்கிலாந்திலிருந்து இளங்கன்றாகக் கொணர்ந்து நட்டது. தொட்டி உடைந்துபோய், தம் தொப்பியில் மண்ணோடு ஏந்திவந்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது; கதை எப்படியோ, மரம் மெய். கிளைகள் தளம் தளமாக விரிந்து கிடக்கின்றன. அதனடியில் நின்றபோது, இம்மரமும் நாடு கடத்தப்பட்டதுதானே என்று தோன்றியது. ஆனால் அதன்மீது இரக்கம் எழவில்லை. ஏன்? அதற்கு வேண்டிய மண், வெயில், நீர், இடம் நான்கும் இங்கே கிடைத்தன. கிடைத்ததை வைத்து அது தானாகவே ஆனது. அதன் கிளை போக விரும்பிய திசையை எவரும் மறிக்கவில்லை. வேற்றுமண் என்பது மட்டுமே துன்பமாகிவிடாது போலும். இந்த எண்ணம் எனக்கு ஆறுதலாயிருந்தது. லாத்தாவிடம் சொல்வதற்கு ஒரு நல்ல உவமை அகப்பட்டதென்று எண்ணிக்கொண்டேன். அந்த உவமை அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை.

*

பூங்காவின் ஒருபுறத்தில் விலங்குச்சாலை. உள்ளே செல்லச் சீட்டு வாங்கவேண்டும். வியன்னாவின் ஷேன்புருன் சாலை 1752 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கடுத்து இன்றுவரை நிலைத்திருக்கும் பழமையான சாலைகளில் இதுவும் ஒன்று. இதன் பிறப்பு வேடிக்கையானது. பிரெஞ்சுப் புரட்சி மூண்டு, மன்னரின் தலை உருண்ட 1793 ஆம் ஆண்டில், பாரிஸ் காவலர்கள் தெருவித்தைக்காரரின் கரடி, குரங்கு முதலியவற்றைப் பறிமுதல் செய்து இத்தோட்டத்தில் கொண்டுவந்து விட்டனர். வெர்சேய் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகளும் 1794 இல் வந்து சேர்ந்தன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய அதே கைகள்தாம் இந்தக் கூண்டுகளையும் பூட்டின! மன்னர் ஒருவர் மட்டும் கண்ட காட்சியைக் குடிமக்கள் அனைவரும் காணலாம் என்பதே அவர்கள் கண்ட சமத்துவம். காணப்படும் உயிருக்கு அதில் பங்கு என்ன என்ற கேள்வி அவ்வமயம் அதிகம் பேருக்கு எழவில்லை. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? எனக்கே எழுபது வயதுக்குமேல் அல்லவா எழுகிறது.

இடம் ஐந்தரை ஹெக்டேர்தான். யானை, சிங்கம் போன்ற பெருவிலங்குகளுக்கு இது போதாதென்று அவற்றை இப்போது வைப்பதில்லை. 1934 இல் தொடங்கிய வான்சேன் சாலை அவற்றில் சிலவற்றுக்கென்று நகரின் கிழக்கெல்லையில் இருக்கிறது. இங்கே ஆமைகள், கொக்கினங்கள், சிறு மான்கள், செம்பாண்டாக்கள். ஆமைகள் கீரையைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் முகத்தில் குறை ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஆமையின் முகத்தில் எதுதான் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம், அதுவும் சரிதான்.

பனிச்சிறுத்தையின் முன்னால்தான் நின்றுவிட்டேன். சாம்பல் நிறத்து ரோமம், உடலளவு நீண்ட வால். அது நடந்துகொண்டிருந்தது. இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போகும். ஒரு குறிப்பிட்ட கல்லருகே தலையைத் தாழ்த்தித் திரும்பும். மீண்டும் அதே தடம், அதே கல், அதே திருப்பம். தடத்தில் புல் முளைக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிறுவன் தன் தாயிடம், அது எங்கே போகிறது என்று கேட்டான். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை.

இக்கூண்டுகளுக்காக வாதாட ஓர் அறிஞர் உண்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டு ஹைனி ஹெடிகர் என்பவர். பாசல், சூரிச் சாலைகளை நடத்தியவர். 1942 இல் இப்பொருள் பற்றி அவர் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. காட்டு விலங்கு சுதந்திரமாகத் திரிகிறது என்பது மனிதனின் கனவு என்பார் அவர். காட்டிலும் அதற்கு எல்லை உண்டு. பகை, பசி, பருவம் ஆகிய மூன்றும் அதனைக் குறிப்பிட்ட வட்டத்துக்குள் நிறுத்துகின்றன. அது அலைவது இன்பத்துக்காக அன்று, தேவைக்காக. தேவைகளை நாம் நிறைவேற்றிவிட்டால், சிறிய இடத்தையே அது தன் சொந்த எல்லையாக ஏற்றுக்கொள்ளும். எனவே கூண்டு சிறையாகாது என்பது அவர் வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் 2003 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், ஊனுண்ணி விலங்குகள் பலவற்றை ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். காட்டில் எந்த விலங்கு மிகப் பரந்த நிலத்தில் உலவுமோ, அந்த விலங்குதான் கூண்டில் இப்படித் தடம்தேய நடக்கிறது. அதன் குட்டிகளே மிகுதியாக மடிகின்றன. துருவக் கரடிக்குச் சாலைகள் தரும் இடம், அது காட்டில் உலவும் குறைந்த அளவு நிலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! உணவும் மருந்தும் எல்லா விலங்குக்கும் ஒன்றுபோலத்தான் தரப்படுகின்றன. ஆயினும் ஒன்றுக்குப் போதுமாயிருப்பது மற்றொன்றுக்குப் போதவில்லை.

ஆக, ‘நன்றாக வைத்திருக்கிறோம்’ என்பது வைத்திருப்பவன் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வது. வைக்கப்பட்ட உயிரின் இயல்பைக் கேட்காமல் அதற்குப் பொருள் கிடையாது. தேவதாருவுக்கு நான்கு தேவைகள் இருந்தன, நான்கும் கிடைத்தன. சிறுத்தைக்கு ஐந்தாவதாக ஒன்று இருந்தது. நடப்பது உணவைத் தேடத்தான் என்று நாம் கணக்கிட்டோம்; உணவு கிடைத்த பின்னும் அது நடக்கிறதே!

*

இந்தச் சாலையில் வாழ்ந்த உயிர்களில் எனக்கு மிகவும் பிடித்தமானது, நான் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோன ஓர் ஒட்டகச்சிவிங்கி. எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலி பாஷா, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. கிரேக்கப் போரில் பிரான்ஸ் எதிரணியில் சேர்ந்துவிடக்கூடாதே என்ற கவலை பாஷாவுக்கு. சூடானில் சென்னார் அருகே குட்டியாகப் பிடிபட்டு, நைல் நதிவழியே அலெக்சாந்திரியா வந்து, அங்கிருந்து கப்பலில் 1826 அக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. கழுத்துக்கு இடம்விட்டுக் கப்பலின் மேல்தளத்தில் துளை செய்திருந்தார்களாம். பால் கொடுக்கப் பசுக்களும் உடன் வந்தன.

மார்செயிலிருந்து பாரிஸுக்கு ஏறத்தாழ 880 கிலோமீட்டர். 1827 மே 20 அன்று புறப்பட்டு நாற்பத்தொரு நாட்களில் நடந்தே வந்து சேர்ந்தது. உடன் நடந்தவர் எத்தியேன் ழெஃப்ருவா சேன்திலேர் என்னும் பெரும் விலங்கியலார். வயது ஐம்பத்தைந்து, உடல்நலமும் போதாது. வழியெங்கும் ஊர்மக்கள் திரண்டனர். அந்தக் கோடையில் அதனைக் காணப் பாரிஸே திரண்டது. பெண்கள் கூந்தலை அதன் கொம்புபோல் உயர்த்தி முடிந்துகொண்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்பளிப்பால் பாஷாவுக்குப் பயன் விளைந்ததா? அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று நவரினோ விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்களும் சேர்ந்தே எகிப்தின் கடற்படையை மூழ்கடித்தன.

கூட்டம் கலைந்தது. புதுமை தீர்ந்த பொருளுக்கு உலகில் நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது. ஆனால் ஆத்திர் என்னும் சூடானியப் பராமரிப்பாளர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். அதன் கொட்டகையிலேயே, அதன் தலைமட்டத்துக்கு உயர்த்திய ஒரு பரணில் படுத்து உறங்குவார். நாள்தோறும் அதன் உடலைத் துலக்குவார். 1845 சனவரியில் அது இறந்தது. பாரிஸில் மட்டும் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டது.

ஒரு கொட்டகை, அதில் இருவர். இருவருமே சூடானியர். ஒன்றைப் பிடித்து அனுப்பினார்கள். மற்றவர் தாமாகவே தங்கினார். இனி அதனைச் சென்னாருக்குத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினாலும் அது பிழைக்காது. நேர்ந்துவிட்ட தவறு ஒன்றைத் திருத்த வழியில்லாதபோது, மனிதனால் செய்யக்கூடியது யாது? ஆத்திர் அதனை எவருக்கும் உபதேசித்ததாகத் தெரியவில்லை. பரணில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

*

மனிதக்குரங்கு மண்டபத்தில் நெனெத் என்னும் ஒராங் உத்தான் கண்ணாடிக்கப்பால் அமர்ந்திருந்தது. 1969 வாக்கில் போர்னியோக் காட்டில் பிறந்து, மூன்று வயதில், 1972 இல் இங்கு வந்தது. நான் கண்டபோது அதற்கு வயது ஐம்பது. பிரெஞ்சு இயக்குநர் நிக்கோலா ஃபிலிபெர் 2010 இல் அதனைப்பற்றி ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் திரையில் தெரிவன குரங்குகள் மட்டுமே; பார்க்க வந்தோரின் பேச்சு காதில் விழும், முகம் தெரியாது. நாம் அதனைப் பார்த்து என்னென்ன பேசுகிறோம் என்பதே படம்.

நெனெத் எங்களைப் பார்க்கவில்லை. வைக்கோலை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது, சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்தபின் ஏதோ உறுத்தியது.

இதே பாரிஸில், போலோஞ் காட்டின் ஓரத்தில், ழார்தான் தக்ளிமத்தாசியோன் என்னும் மற்றொரு பூங்கா உண்டு. அங்கே 1877 முதல் மனிதர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். முதலில் நூபியர், 1883 இல் இலங்கையர், யானைகளுடன், 1931 இல்கூட நியூ கலிடோனியாவின் கனாக் மக்கள். வேலிக்கு அப்பால் குடிசை. குடிசைக்குள் தாயும் குழந்தையும். வேலிக்கு இப்பால் சீட்டு வாங்கிய குடும்பங்கள். பார்த்தவர்கள் தீயவர்கள் அல்லர். குழந்தைகளுக்கு உலக அறிவு புகட்டுகிறோம் என்றே வந்தார்கள். அறிஞர்கள் அளவெடுக்கவும் வந்தார்கள். 2011 இல் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்று அந்த வரலாற்றை வெளிப்படையாக எடுத்துக் காட்டியது. மனிதனும் விலங்கும் ஒன்றென்று நான் கூறவரவில்லை. ‘அறிவுக்காகப் பார்க்கிறோம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எதனையும் மறைத்துவைக்க முடியும் என்பதற்கே இதனைச் சொல்கிறேன். என்னைப்போன்ற நிறத்தவர் வேலிக்கு அப்பால் இருந்த நகரம் அது. நான் இப்பால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையேல் நேர்மையாகாது. மங்கோலியப் புல்வெளியின் காட்டுக்குதிரை ஒன்று அங்கே நின்றது. குட்டை உருவம், விறைத்த பிடரி. அந்த இனம் 1960களில் காட்டில் அறவே அற்றுப்போயிற்று. சாலைகளில் இருந்தவற்றின் வழித்தோன்றல்களை 1992 முதல் மீண்டும் மங்கோலியாவில் விட்டார்கள். இன்று அவை அங்கே ஈன்று பெருகுகின்றன. அரபுநாட்டு வெள்ளை மானின் கதையும் அதுவே. 1972 இல் கடைசிக் காட்டுமான் சுடப்பட்டது; சாலையில் வளர்ந்தவற்றை 1982 இல் ஓமான் பாலைவெளியில் விட்டனர். கூண்டு இல்லையென்றால் இவ்விரண்டும் இன்று உலகில் இல்லை. இதனை அறிந்த பின்னர், எல்லாக் கூண்டையும் உடை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் ‘இனம்’ என்பது நம் ஏட்டில் உள்ள சொல். அந்தச் சிறுத்தைக்குத் தன் இனத்தைப்பற்றித் தெரியாது. அந்தக் கல்லும் அந்தத் திருப்பமுமே அதற்குத் தெரியும். இனத்துக்குச் செய்யும் நன்மையின் விலையை ஒற்றை உயிர் செலுத்துகிறது, அதன் சம்மதம் இல்லாமலே.

*

பூங்காவின் மேற்கு வாயிலைத் தாண்டினால், தெருவுக்கு அப்புறம் பாரிஸ் பெரிய பள்ளிவாசல். முதல் உலகப்போரில் பிரான்ஸுக்காக மாண்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டு 1926 சூலையில் திறக்கப்பட்டது. மினாரா 33 மீட்டர் உயரம். அதன் தேநீர்க்கூடம் இருக்கும் தெருவின் பெயரைப் படித்ததும் வியந்தேன்: ழெஃப்ருவா சேன்திலேர் தெரு! ஒட்டகச்சிவிங்கியோடு நடந்தவர் பெயர்தான். லுஹர் தொழுதுவிட்டு, புளிச்சோற்றை வெளியே ஒரு பலகையில் அமர்ந்து முடித்து, தேநீர்க்கூடத்தில் புதினாத் தேநீருடன் உட்கார்ந்தேன். சிட்டுக்குருவிகள் மேசைமீதே வந்து பொறுக்குகின்றன.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப்பற்றிய நபிமொழி நம் வீடுகளில் குழந்தைகளும் அறிந்ததே. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள விடவும் இல்லை. குற்றம் கட்டிவைத்ததா, பட்டினி போட்டதா? இரண்டும் சேர்ந்தது என்றே பெரியோர் விளக்குவர். மற்றொரு நபிமொழியும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்துபோக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் குருவியைப்பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, நன்கு பேணுவதாயின் பறவையைக் கூண்டில் வளர்க்கலாம் என்று சட்ட அறிஞர்கள் கூறினர். இந்த ஒரு செய்தியிலிருந்தே அறுபது பயன்களை எடுத்துக்காட்டி இப்னுல் காஸ் என்னும் அறிஞர் தனி நூலே எழுதினார். தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் பேணுதல் என்றால் என்ன என்ற இடத்தில் என் மனம் நின்றது. சிறுத்தைக்கு நடப்பதும் உணவென்றால், அந்த உணவை நாம் கொடுக்கிறோமா?

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸபா என்னும் அறிஞர் குழாத்தார் ஒரு கதை எழுதினர். புயலில் கப்பல் ஒதுங்கி, எழுபது பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். அங்கே தம்மிஷ்டப்படி வாழ்ந்த விலங்குகளைப் பிடித்து வேலை வாங்க முற்படுகிறார்கள். விலங்குகள் ஜின்களின் அரசரிடம் முறையிடுகின்றன. வழக்கு நடக்கிறது. எங்கள் உருவம் நேரானது, எங்கள் அறிவு கூர்மையானது, எங்களிடம் கலைகள் உண்டு என்று மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, தேனீயும் கிளியும் தவளையும் ஒவ்வொன்றாக மறுக்கின்றன. இறுதியில் மனிதரின் பக்கம் தீர்ப்பாவது, மறுமையில் அவருக்கு விசாரணை உண்டு என்ற ஒன்றினால்தான். வென்றவர் மகிழ்ச்சியடைய வேண்டிய தீர்ப்பா அது என்பது வேறு விஷயம். 1810 இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இக்ராம் அலி அதனை உருதுவில் பெயர்த்தார்.

அது கதை. ஆனால் 2014 இல் அர்ஜென்டினா நாட்டு நீதிமன்றத்தில் மெய்யாகவே அப்படியொரு வழக்கு வந்தது. புவெனஸ் அய்ரெஸ் சாலையில் இருந்த சாண்ட்ரா என்னும் ஒராங் உத்தானின் சார்பில் தொடுத்தது. அது ஒரு பொருளன்று, சில உரிமைகளுக்கு உரிய உயிர் என்று நீதிமன்றம் கூறிற்று. 2019 இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஒரு சரணாலயத்துக்கு அதனை அனுப்பினர். நான் அந்தத் தேநீரை அருந்திய நாட்களிலேதான் சாண்ட்ரா பயணத்தில் இருந்தது. காட்டுக்கு அன்று, மேலான வேறோர் அடைப்புக்கு. ஜெர்மனியில் ஒரு சாலையில் பிறந்த அதற்குக் காடு என்பதே தெரியாது.

பஸராக் கதையை நினைக்கும்தோறும் ஒன்று என்னை ஈர்க்கும். விலங்குகளுக்கு நாவைக் கொடுத்த பிறகுதான் வழக்கே நடக்கிறது. வாயில்லா உயிரிடம் நாம் என்ன கேட்பது? அதன் நடையைப் பார்த்து, குட்டிகளின் சாவை எண்ணி, ஊகித்துத்தான் அறியவேண்டும். அதற்குத்தான் ஆக்ஸ்போர்டு பெண்மணிகள் அத்தனை பாடுபட்டார்கள்.

என் லாத்தாவுக்கு வாய் இருக்கிறது. அவர் சொல்லியும் இருக்கிறார். மூன்று நாட்களாக நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுப்பதற்கு உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

*

பிற்பகலில் பெரிய காட்சிமண்டபத்தையும் பார்த்தேன். நெடுநேரம் நிற்கவில்லை. நம் சென்னையில் பழைய காலத்தில் விலங்குச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் மக்கள் சொல்வதுண்டு. இங்கே இரண்டும் ஒரே மதிலுக்குள். பாடம் செய்த விலங்குகள் ஊர்வலமாக நிற்கின்றன. அவற்றோடு நம் நாட்டுக் காண்டாமிருகம் ஒன்று. சந்திரநாகூரின் பிரெஞ்சு ஆளுநர் அனுப்பி, 1770 இல் வெர்சேய் வந்து, 1793 வரை அங்கே வாழ்ந்தது. நீரில் ஊறித் திளைத்து வளரும் வங்கநாட்டு விலங்கு, வெள்ளைக்காரத் தேசத்தின் இருபதுக்கு மேற்பட்ட குளிர்காலங்களைக் கண்டிருக்கிறது. தோல் மிகவும் கறுத்திருந்தது. ஊர்க்காரரைக் கண்டதுபோல் ஸலாம் சொல்லத் தோன்றியது; பக்கத்தில் பள்ளிப்பிள்ளைகள் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது மஃக்ரிப் நெருங்கிவிட்டது. லாத்தா சன்னலோரத்தில்தான் இருந்தார். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் விளக்குகள். “என்னென்ன பார்த்தே தம்பி?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டகச்சிவிங்கிக்குப் பசுக்கள் கூடப்போனதைக் கேட்டுச் சிரித்தார். நெனெத்தைப்பற்றிச் சொன்னபோது, “ஊரைவிட்டு வரும்போது அதுக்கு என்ன வயசு?” என்றார்.

“மூணு.”

“மூணு வயசுன்னா ஞாபகம் இருக்கும்” என்றார் லாத்தா. தமக்கு மூன்று வயதில் நம் வீட்டு முற்றத்து மழைத்தண்ணீரில் வாப்பா காகிதக் கப்பல் விட்டது நினைவிருக்கிறது என்றார். எனக்கு அது தெரியாது. நான் அப்போது பிறக்கவில்லை.

பிறகுதான் கேட்டேன். ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள் லாத்தா, என்று. அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. ஐந்து வருடமாக யோசித்து வைத்திருந்ததை எடுத்துச் சொன்னார். காலம் முழுவதும் இருக்க வேண்டியதில்லை. குளிர்காலம் மூன்று மாதம் போதும். காலையில் வாசற்படியில் உட்கார்ந்து மீன்காரியிடம் விலை பேசவேண்டும். மச்சானின் கப்ருக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு தெருவரையிலாவது போகவேண்டும். பக்கத்து வீட்டில் யார் பேசினாலும் அது தமக்குப் புரியவேண்டும். “விழுந்தாலும் அங்கே விழுறது எனக்குத் தெரிஞ்ச தரையிலே” என்றார்.

இரவு பத்து மணிக்கு மகன் வேலையிலிருந்து வந்தான். நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, கேட்டேன் என்றேன். அவர் கேட்டதைச் சொன்னேன். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நல்ல பிள்ளை, ஐந்து ஆண்டுகளாகத் தாயின் மருந்துப் பெட்டியைத் தானே நிரப்பி வருபவன்.

“மறுபடி விழுந்துவிட்டால் யார் பொறுப்பு, மாமா?”

“மூன்று மாதமும் நான் அந்த வீட்டில் வந்து தங்குகிறேன்” என்றேன்.

“உங்களுக்கே எழுபத்தொன்று” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளறையில் லாத்தா விளக்கை அணைக்கும் ஓசை கேட்டது. சிறிது நேரம் கழித்து அவன் எழுந்து கணினியைத் திறந்து, சனவரி மாதத்து விமானக் கட்டணம் என்ன என்று பார்க்கத் தொடங்கினான்.